நாற்பதுக்கு மேல் வக்கீல் ஆக: சேர்க்கையிலிருந்து கோர்ட் வரை

இருபது வருடம் ஒரு வேலை பார்த்தாயிற்று, பிள்ளைகளும் தலையெடுத்துவிட்டார்கள், சின்ன வயதில் கைநழுவிப்போன சட்டப் படிப்பு மட்டும் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது என்றால், இது உங்களுக்குத்தான். நான் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து கிளெய்ம் பிரிவில் இருந்தவள். நாற்பதுகளில் எல்.எல்.பி. சேர்ந்து, இப்போது திண்டுக்கல் பக்கம் கோர்ட்டுக்குப் போய்வருகிறேன். ஒவ்வொரு கவுன்டராக நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதை ஓரிடத்தில் எழுதி வைத்தால், அடுத்து வருகிறவருக்கு அலைச்சல் பாதியாகும்.

வயதைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு உச்ச வயது வரம்பு கிடையாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டமும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறதே தவிர, இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று சொல்லவில்லை. என் வகுப்பில் ஓய்வுபெற்றவர்களும் இருந்தார்கள். ஆளை நிறுத்துவது வேறு மூன்று சங்கதிகள்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிற இனிஷியல், இன்னும் விடாத வேலை, நடுவில் வருமானமே இல்லாமல் போகிற வருடங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான்.

1. படித்த வரிசையைச் சரிபாருங்கள்

மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் மூன்று வருடப் பட்டம் என்று வரிசை இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல், வயதை மட்டும் காட்டித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. வாங்கியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பதவி உயர்வுக்கு அது உதவியிருக்கலாம். சட்டப் படிப்புக்கு உதவாது. சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் அதைத் தெளிவாக விலக்குகின்றன.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளஸ் டூ முடித்துவிட்டு, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தால் தடையில்லை. பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதியிருந்தாலும் சரிதான். அஞ்சல் வழி வேறு, பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகச் சேர்ந்த திறந்தநிலைப் பட்டம் வேறு.

பட்டம் வாங்கிவிட்டுப் பின்னால் பிளஸ் டூ எழுதி ஓட்டையை அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அதை நம்பி வேலையை விடாதீர்கள். வரிசை மாறியவர்கள் கடைசியில் வக்கீலாகப் பதிவு செய்யும்போது மாட்டிக்கொண்டு ஹைகோர்ட் வரை போயிருக்கிறார்கள். டிப்ளமோ படித்துவிட்டு இரண்டாம் வருடத்தில் பி.இ. சேர்ந்தவர்கள், பிளஸ் டூவுக்குப் பதில் டிப்ளமோ செல்லுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒருவர் "வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்வது பதில் ஆகாது.

பட்டத்தில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் உண்டு. பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40.

2. பணத்தையும் வருடத்தையும் கூட்டிப் பாருங்கள்

மூன்று வருடப் படிப்பு என்றால் மூன்று வருடம் என்று நினைத்துவிடுவோம். ரிசல்ட் வந்து, சான்றிதழ் கைக்கு வந்து, பார் கவுன்சிலில் பதிவு முடிய இன்னும் சில மாதம் ஓடும். அதன்பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியராக இரண்டு, மூன்று வருடமாவது இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வருவது பஸ் செலவுக்கும் காப்பிக்கும் சரியாக இருக்கும். ஆக, வேலையை விட்ட நாளிலிருந்து சொந்தக் காலில் நிற்க ஆறு, ஏழு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 வயதில் தொடங்குகிறவருக்கு 49 ஆகிவிடும். இந்த எண்ணை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது உரக்கச் சொல்லிப் பாருங்கள். யாரும் முகம் சுளிக்கவில்லையென்றால் மேலே போகலாம்.

அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். தனியார் கல்லூரியென்றால் லட்சத்தை ஒட்டி, அதற்கு மேலும் போகும். ஆனால் கட்டணம் உண்மையான செலவே இல்லை. விட்டுப்போகிற சம்பளம்தான் செலவு. வீட்டுக் கடன் பாக்கி, பிள்ளை ஃபீஸ், மருத்துவக் காப்பீடு மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அலுவலகம் கொடுத்த குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்னால் எடுத்தால் அது முன்னாலேயே கழியும். இருபது வருடம் அந்தத் துறையில் இருந்தவள் சொல்கிறேன், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே படிக்கலாமா? எல்.எல்.பி. முழுநேரப் படிப்பு. காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் வகுப்பு நடத்த வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரம் என்று விதியிலேயே இருக்கிறது. பழைய ஆட்கள் சொல்கிற மாலை நேரக் கல்லூரி இப்போது இல்லை. நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டு பகலில் வகுப்புக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதிவு செய்யப் போகும்போது, படித்த காலத்தில் வேலையில் இருந்தீர்களா, எப்படி வகுப்புக்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். அரசு ஊழியரென்றால் துறை அனுமதியும் விடுப்பு ஆணையும் காகிதமாகக் கையில் இருக்க வேண்டும். நீண்ட விடுப்பு, விருப்ப ஓய்வு, ராஜினாமா மூன்றில் எது ஓய்வூதியத்தைக் கெடுக்காது என்பதை உங்கள் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வக்கீலாகப் பதிவு செய்தபின் நீங்களே நின்று வியாபாரம் நடத்தக் கூடாது. ஒரு நிறுவனத்தில் முதல் மட்டும் போட்டுவிட்டு நிர்வாகத்தில் தலையிடாத பங்குதாரராக இருக்கலாம். அதுவும் அந்தத் தொழில் வக்கீல் மரியாதைக்கு ஒவ்வாததாக இருக்கக் கூடாது. கடையைக் கைமாற்றும் வேலையைப் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

3. சான்றிதழ்களைத் தேடி எடுத்து ஒரே பெயராக்குங்கள்

என்னை அதிகம் அலையவைத்தது இதுதான். பெண்களுக்கு இது இன்னும் கூடுதல். பத்தாம் வகுப்பில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதிய முழுப்பெயர், பட்டத்தில் ஓர் எழுத்து அதிகம். இருபது வருடம் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. கலந்தாய்வு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நான்கு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு 'லட்சுமி' ஒன்றில் ஓர் ஆங்கில 'ஹெச்' கூடுதலாக இருந்தது. அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் கேட்டார்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரே மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான் இரண்டையும் அதற்கு இணங்கத் திருத்துவது சுலபம். பழைய மார்க் ஷீட்டைத் திருத்தப் போவது கடினம். பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் தமிழ்நாடு அரசிதழில் வந்த அறிவிப்பின் நகல் இரண்டு, மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், பட்டப்படிப்பின் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், பட்டமளிப்புச் சான்றிதழ், கடைசியாகப் படித்த இடத்தின் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்படம். வெளிமாநிலப் பல்கலைக்கழகப் பட்டமென்றால் தகுதிச் சான்றும் இடப்பெயர்வுச் சான்றும் கேட்பார்கள்.

இதில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, பட்டமளிப்புச் சான்றிதழ். புரொவிஷனலை வைத்தே காலம் தள்ளியவர்கள் நிறைய. பல்கலைக்கழகத்தில் இப்போது விண்ணப்பித்தால் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும், ஆகவே முதல் வேலையாக அதைப் போடுங்கள். இரண்டு, சாதிச் சான்றிதழ். அந்தக் காலத்து அட்டைச் சான்றிதழை இப்போது பல இடங்களில் ஏற்பதில்லை. இ-சேவையில் புதிதாக எடுத்துவிடுங்கள். கல்யாணமான பெண்களுக்கும் அது தகப்பனார் பெயரில்தான் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கினால் செல்லாது. மூன்று, தொலைந்துபோன மாற்றுச் சான்றிதழ். காவல் துறையில் தொலைந்ததற்கான அறிக்கை வாங்கி, கல்லூரியிலும் பள்ளியிலும் நகல் கேட்க வேண்டும். தாசில்தார் சான்றும் கேட்கக்கூடும். நடுவில் யார் லீவு என்றாலும் ஒரு வாரம் போச்சு. அட்மிஷனுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதி.

ஒவ்வொன்றிலும் ஐந்து செட் நகல் எடுத்து, ஸ்கேனும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டிவந்தால் பிரிக்க முடியாது.

4. எங்கே சேர்வது, எப்போது விண்ணப்பிப்பது

அரசு சட்டக் கல்லூரிகளுக்கான சேர்க்கையை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஒரே விண்ணப்பத்தில் நடத்துகிறது. மே மாதத்திலிருந்து அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு முதலிலும், மூன்றாண்டுப் படிப்புக்கு அதையடுத்தும் அறிவிப்பு வரும். நுழைவுத் தேர்வு இல்லை. கிளாட் எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: தேவையில்லை, அது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. இங்கே பட்டத்தில் வாங்கிய மதிப்பெண்தான் தரவரிசை.

அங்கேதான் நம் வயதுக்காரர்களுக்குச் சங்கடம். தொண்ணூறுகளில் 58 சதவீதம் வாங்குவதே பெரிய விஷயமாக இருந்த பாடங்கள் உண்டு. இப்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை 85 வைத்திருக்கும். அதற்குச் சலுகை எதுவும் கிடையாது. ஆகவே விருப்பப் பட்டியலில் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி போன்ற பழைய கல்லூரிகளில் போட்டி அதிகம். தருமபுரி, ராமநாதபுரம், விழுப்புரம், தேனி, நாமக்கல், சேலம், காரைக்குடி என்று பின்னால் வந்த கல்லூரிகளையும் பாருங்கள். சென்னைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹைகோர்ட்டை ஒட்டி இருந்த சட்டக் கல்லூரி 2018இலேயே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ வீடு இருந்தால் தினசரிப் பயணத்தைக் கணக்கிட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். நாற்பத்தைந்து வயது முதுகுக்கு இது சின்ன விஷயமில்லை.

தனியார் கல்லூரி என்றால், இந்திய பார் கவுன்சிலின் அனுமதி எந்தக் கல்வியாண்டு வரை இருக்கிறது என்று கேட்டு, கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். "அப்ரூவல் ப்ராசஸ்ல இருக்கு" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இப்போது பெரிய பொறி. "ஆந்திராவுல, கர்நாடகாவுல ஒரு காலேஜ் இருக்கு சார், பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும்" என்று சொல்லும் புரோக்கர்கள் எல்லா ஊர் கோர்ட் வாசலிலும் இருக்கிறார்கள். வேலையையும் விட வேண்டாம், வகுப்புக்கும் போக வேண்டாம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். தொகை ஒன்றரை, இரண்டு லட்சத்தில் ஆரம்பிக்கும். இந்த மாதிரிக் கல்லூரிகளைச் சென்னை உயர் நீதிமன்றமே 'லெட்டர்பேடு கல்லூரிகள்' என்று கண்டித்திருக்கிறது. பயோமெட்ரிக் வருகைப் பதிவு வைக்கச் சொல்லி இந்திய பார் கவுன்சில் 2024இல் சுற்றறிக்கையும் அனுப்பியது. பட்டம் கையில் கிடைத்தாலும், பதிவின்போது அதே மூன்று வருடம் திண்டுக்கல்லில் சம்பளம் வாங்கியது பி.எஃப். கணக்கில் நிற்கும். அதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இதே வரிசையில் இன்னொன்று, பி.ஜி.எல். போன்ற அஞ்சல் வழிச் சட்டப் பட்டங்கள். அறிவுக்கு நல்லது. அதை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது.

5. வகுப்பில் மூன்று வருடம்

ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு அட்மிஷன் என்று நம் வயதில் லீவு தானாக வரும். முதல் செமஸ்டரில் ஒரு நாள்கூட வீணாக்காமல் போய்விடுங்கள். கடைசி செமஸ்டர்களில்தான் தேவைப்படும்.

பாடப்புத்தகத்தில் ஏமாறாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். தெரிந்த வக்கீல் அன்போடு கொடுக்கும் பழைய புத்தக மூட்டை இந்த மூன்று பாடத்துக்கும் பரீட்சையில் உதவாது. 302 என்று நமக்கு மனப்பாடமான கொலைக் குற்றம் இப்போது 103, 420 இப்போது 318. ஆனாலும் மூட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டத்தின்கீழ்தான் விசாரணையில் இருக்கின்றன. கோர்ட்டுக்குப் போனபின் இரண்டும் வேண்டும்.

தமிழில் தேர்வு எழுதலாம். கீழமை நீதிமன்றங்களில் மனுவும் சாட்சியமும் பெரும்பாலும் தமிழில்தான் ஓடுகின்றன. ஆனால் தீர்ப்புகள் படிக்க ஆங்கிலம் வேண்டும். தினம் ஒரு தீர்ப்பில் நான்கு பக்கம் வாசித்துப் பழகுங்கள், போதும்.

மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம் இன்டர்ன்ஷிப் உண்டு. பல பேர் யாராவது ஒருவரிடம் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்குத் தவறான சீனியர் அமைந்தால் மாற்றிக்கொள்ள வருடங்கள் இருக்கின்றன. நமக்கு இந்த 12 வாரம்தான் சீனியரைத் தேடும் காலம். ஒரு மாதம் சிவில் அலுவலகம், ஒரு மாதம் கிரிமினல், ஒரு மாதம் உங்கள் பழைய தொழிலோடு ஒட்டிய வழக்குகள் நடக்கும் இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

6. பார் கவுன்சிலில் பதிவு

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு மேலே சொன்ன எல்லாச் சான்றிதழும், எல்.எல்.பி. மதிப்பெண் பட்டியல்களும், பட்டமோ புரொவிஷனலோ, மாற்றுச் சான்றிதழும், உங்களைத் தெரிந்த வக்கீல்களின் நன்னடத்தைச் சான்றும், பிரமாணப் பத்திரங்களும் போக வேண்டும். வேலையில் இருந்தவர்களுக்குப் பணி விடுவிப்பு ஆணை அல்லது ஓய்வு ஆணை முக்கியம். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாக இருக்க முடியாது. ராஜினாமாக் கடிதத்தின் நகல் மட்டும் போதாது. அதை ஏற்றுக்கொண்டு விடுவித்ததாக நிறுவனம் கொடுத்த கடிதம் வேண்டும். பழைய நிறுவனம் மூடிப்போயிருந்தால் பி.எஃப். ஆவணத்தில் விலகிய தேதியைக் காட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காவல் துறை விசாரணை உண்டு. பங்காளித் தகராறில் என்றோ போட்ட எஃப்.ஐ.ஆர். ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் அது இப்போது விழித்துக்கொள்ளும். இளவயதுக்காரர்களைவிட நமக்குத்தான் இந்த வில்லங்கம் அதிகம். நிலம், பாகப்பிரிவினை, குடும்ப வழக்கு எல்லாம் பார்த்து வந்தவர்கள் நாம். எதையும் மறைக்காதீர்கள். இருப்பதை எழுதி, வழக்கின் இன்றைய நிலையையும் இணைத்துக் கொடுங்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட அதுவே பெரிய குற்றமாகிவிடும். படிக்கும் காலத்திலேயே அந்தப் பழைய வழக்கை முடித்துக்கொள்ள வழி பார்ப்பது உத்தமம்.

கட்டணம் 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125. முத்திரைக் கட்டணம் தனி. முன்பு பல்வேறு தலைப்புகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30ஆம் தேதித் தீர்ப்பில் நிறுத்தியது. பழைய ஆட்கள் பெரிய தொகை சொன்னால் அது அந்தக் காலக் கணக்கு.

கோட்டு, கவுன், கழுத்துப் பட்டை, வெள்ளைச் சட்டை அல்லது சேலை எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடிக்கலாம். கம்பளிக் கோட்டு வாங்கி நம் வெயிலில் சாகாதீர்கள், மெல்லிய துணியில் தைத்துக்கொள்ளுங்கள். ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் தவிர மற்ற இடங்களில் கவுன் கட்டாயமில்லை. கோடைக்காலத்தில் கீழமை நீதிமன்றங்களில் கோட்டும் கட்டாயமில்லை.

7. அகில இந்திய பார் தேர்வு

பதிவு செய்தபின் இரண்டு வருடத்துக்குள் இதில் தேறினால்தான் தொழில் செய்வதற்கான சான்றிதழ் வரும். இப்போது கடைசி வருட மாணவர்களையும் எழுத விடுகிறார்கள், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 100 கேள்வி, மூன்று மணி நேரம், தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 45 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. கட்டணம் 3,500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 2,500. தமிழிலும் எழுதலாம்.

குறிப்புகள் இல்லாத பேர் ஆக்ட் புத்தகங்களை, அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ளவற்றை, உள்ளே எடுத்துப்போகலாம். அதனால் சுலபம் என்று நினைத்துப் போகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நேரத்தை விடுகிறார்கள். பென்சிலில் ஒரு கோடு போட்டிருந்தாலும் புத்தகத்தை வெளியே வைக்கச் சொல்லக்கூடும். தேர்வுக்கென்று புதுப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. சீனியரிடம் சேர்வது

இங்கே வயது நிஜமாகவே குறுக்கே வரும். உங்களுக்கு 47, சீனியருக்கு 36 இருக்கலாம். படியேறி வரும் கட்சிக்காரர் நேராக உங்களைப் பார்த்துத்தான் கும்பிடுவார், நரைத்த தலை செய்கிற வேலை அது. சிரித்துக்கொண்டே "சார் உள்ளே இருக்காருங்க" என்று கைகாட்டிப் பழகுங்கள். வயதில் சின்னவர் என்று "தம்பி" போட்டுவிடாதீர்கள், அலுவலகத்துக்குள் சார், மேடம்தான். கேஸ் கட்டைத் தூக்குவது, பேட்டா (சம்மன் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் பணம்) கட்டுவது, ரிட்டர்ன் ஆன மனுவைத் திருத்தித் திரும்பப் போடுவது, நகல் மனு கொடுப்பது என்று முதல் வருடம் முழுக்கக் கால் வேலைதான். பெஞ்ச் கிளார்க்கிடமும் அலுவலகக் குமாஸ்தாவிடமும் கற்றுக்கொள்வது புத்தகத்தில் கிடையாது. கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்கு.

சம்பளம் பற்றித் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஜூனியருக்கு நகரத்தில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 கொடுக்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. சிறு ஊர் அலுவலகங்களில் அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

உங்கள் கையிலும் ஒரு சரக்கு இருக்கிறது, பழைய வேலை. நான் கிளெய்ம் ஃபைல்களோடு கிடந்தவள் என்பதால் மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் காயச் சான்றிதழையும் பாலிசி நிபந்தனையையும் பார்த்ததும் எங்கே வாதம் வரும் என்று தெரிந்துவிடும். சீனியர் என்னைச் சேர்த்துக்கொண்டதே அதற்காகத்தான். வங்கியில் இருந்தவருக்குக் காசோலை வழக்குகளும் கடன் மீட்பும், வருவாய்த் துறையில் இருந்தவருக்கு நில வழக்கும், ஆசிரியருக்குப் பணி விவகாரங்களும், நர்ஸுக்கு மருத்துவ அலட்சிய வழக்குகளும் அப்படியே பொருந்தும். எல்லா வழக்கும் எடுப்பேன் என்று சுற்றாமல் அந்த ஒன்றில் பெயர் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய அலுவலகத்தில் நீங்களே கையாண்ட ஃபைல் வழக்காக வந்தால் அதைத் தொடாதீர்கள்.

எந்தக் கதவுகள் மூடியிருக்கின்றன என்பதும் தெரிந்திருக்கட்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு வயது வரம்பு உண்டு, நாம் அதைத் தாண்டிவிட்டோம். மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கு ஏழு வருடத் தொழில் அனுபவம் வேண்டும், அதற்குள் அந்த வயதும் கடந்துவிடும். திறந்திருப்பவை: மூன்று வருட அனுபவத்துக்குப் பின் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவிக் குழுவில் சேரலாம். நோட்டரி ஆக 10 வருட அனுபவம் கேட்பார்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும் 7 வருடம். 46இல் பதிவு செய்கிற பெண் 53இல் விண்ணப்பிக்கலாம். அப்போது தொழிலில் இருந்ததற்கு ஆதாரம் தேட வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் பெயர் உள்ள வக்காலத்து நகல், ஆஜரான வழக்குகளின் உத்தரவு நகல், வக்கீல் சங்கச் சந்தா ரசீது மூன்றையும் முதல் வருடத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வாருங்கள்.